டெஸ்க்டாப் வெறிச்சென்று வந்தால்: கெட்டுப்போன யூசர் புரொஃபைலிலிருந்து ஃபைல்களை மீட்பது

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு பாஸ்வேர்டு அடித்ததும் வழக்கமான டெஸ்க்டாப் வரவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் வருவதுபோல 'தயார் செய்கிறோம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி நெடுநேரம் சுற்றுகிறது. பிறகு வாங்கிய அன்று பார்த்த அதே நீலப் படம். அதில் ரீசைக்கிள் பின்னும் எட்ஜ் பிரவுசரும் மட்டும். நேற்று இரவு அடித்து முடித்த கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான பத்திரங்கள், பாமினி எழுத்துரு, குரோமில் சேர்த்து வைத்த பாஸ்வேர்டுகள், எதையும் காணோம். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் பக்கத்து டிடிபி கடையிலும், ஆம்பூர் தோல் கம்பெனியின் கணக்கு அறையிலும், ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் ரிசப்ஷனிலும் இந்தக் காலை ஒரே மாதிரிதான் விடியும்.

சர்வீஸுக்குக் கொண்டுபோனால் முதலில் வரும் பதில்: 'ஃபார்மட் போட்டுடலாம் சார், சரியாயிடும்.' கம்ப்யூட்டர் சரியாகிவிடும்தான். ஆனால் சி டிரைவில் இருந்ததெல்லாம் அதோடு போய்விடும். இந்தக் கோளாறில் ஃபைல்கள் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸுக்கு அவற்றுக்கான வழி தெரியவில்லை, அவ்வளவுதான். அவசரப்படாமல் ஒரு வரிசையில் செய்தால் பெரும்பாலும் ஃபைல்கள் திரும்பி வரும்.

(விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும். ஃபோல்டர் பெயர்களும் மெனு பெயர்களும் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் எழுதுகிறோம். உதாரணத்துக்குக் கணக்கின் பெயரை 'ஆபீஸ்' என்று வைத்துக்கொள்வோம்.)

புரொஃபைல் என்பது எது

ஒரு வீட்டையும் அதன் பட்டாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ஃபோல்டர். 'ஆபீஸ்' கணக்கின் வீடு, யூசர்ஸ் → ஆபீஸ். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அந்த வீட்டின் அறைகள். ஆப்டேட்டா என்று ஒரு அறையும் உண்டு. அது சாதாரணமாகக் கண்ணில் படாது. புரோகிராம்கள் தங்கள் சாமான்களைப் போட்டு வைக்கும் பரண் அது.

அந்த வீட்டுக்குள் 'என்டியூசர் டாட்' என்று ஒரு ஒளிந்த ஃபைல் இருக்கும். சில எம்பி அளவுதான். உங்கள் வால்பேப்பர், டாஸ்க்பார், டீஃபால்ட் பிரிண்டர், எந்த ஃபைலை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும் என்பது வரை ஆயிரக்கணக்கான செட்டிங்குகள் அந்த ஒரே ஃபைலில் எழுதப்பட்டிருக்கின்றன. நீங்கள் பாஸ்வேர்டு அடித்து உள்ளே போகும்போது விண்டோஸ் அதைத் திறந்து, எல்லா செட்டிங்குகளையும் வைத்திருக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் மாட்டுகிறது. வெளியே வரும்வரை அது திறந்தே இருக்கிறது, எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

பட்டா இருப்பது வேறு இடத்தில். எந்தக் கணக்குக்கு எந்த ஃபோல்டர் வீடு என்பதை விண்டோஸ் தன் பொது ரெஜிஸ்ட்ரியில் 'புரொஃபைல் லிஸ்ட்' என்ற பகுதியில் குறித்து வைத்திருக்கிறது. தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் பெயர் தப்பாக ஏறிவிட்டால் நிலம் எங்கேயும் ஓடிவிடாது, ஆனால் வேலை எதுவும் நடக்காது, இல்லையா? அதே கதைதான் இங்கே.

ஆகவே 'புரொஃபைல் கெட்டுப்போச்சு' என்றால் மூன்றில் ஒன்று: பட்டா பதிவு குழம்பியிருக்கலாம், என்டியூசர் டாட் கெட்டிருக்கலாம், அல்லது டிஸ்க்கே கெட ஆரம்பித்து அதன் முதல் அறிகுறியாக இது தெரியலாம். முதலாவது சுலபம். இரண்டாவதில் ஃபைல்கள் மொத்தமும் வரும், செட்டிங்ஸ் ஓரளவுதான் வரும். மூன்றாவதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

எதனால் கெடுகிறது

மேலே சொன்னதுபோல அந்த ஃபைல் எப்போதும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. நடுவில் கரண்ட் போனால் பாதி எழுத்தோடு நின்றுவிடும். இதற்காகவே விண்டோஸ் பக்கத்தில் இரண்டு லாக் ஃபைல்களை வைத்துக்கொண்டு பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது. ஆனால் எப்போதும் அல்ல. துணை மின்நிலையப் பராமரிப்பு நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், அதனால் ஆபத்தில்லை. கோடை மாலையில் காற்றும் இடியுமாக வரும்போது சொல்லாமல் போய், வந்து, மறுபடியும் போகிறதே, அதுதான் ஆபத்து.

'யூபிஎஸ் இருக்கிறதே' என்பார்கள். சின்னக் கடைகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். அது சுமார் 25 டிகிரி வெப்பத்துக்கென்று கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வேலூர் வெயிலில், ஏசி இல்லாத அறையில், மேசைக்கடியில் தூசி மூடிக் கிடக்கும் பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். விளக்கு பச்சையாக எரியும். கரண்ட் போன மூன்றாவது விநாடி கம்ப்யூட்டரும் போகும்.

மற்ற காரணங்கள்: சி டிரைவ் முழுக்க நிரம்பி எழுத இடமில்லாமல் போவது, அப்டேட் ஓடும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, லாகின் ஆகும் நொடியில் ஆன்டிவைரஸ் என்டியூசர் டாட் ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்வது. கடைசியாகச் சொன்னதில் உண்மையில் எதுவும் கெடவில்லை; விண்டோஸ் ஒரு முறை திறக்கப் பார்த்தது, முடியவில்லை, ஒதுங்கிக்கொண்டது.

முதல் பத்து நிமிடம்

வலது கீழ் மூலையில் 'தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள்' என்ற பொருளில் அறிவிப்பு வந்தால், விண்டோஸ் உங்களுக்குச் சத்திரத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். யூசர்ஸுக்குள் 'டெம்ப்' என்று தொடங்கும் ஃபோல்டர்தான் அந்த அறை. சைன் அவுட் செய்ததும் அது அழிக்கப்படும். அங்கே டெஸ்க்டாப்பில் எதைச் சேமித்தாலும் சேர்ந்து அழியும். இந்தக் கோளாறில் நிஜமாகவே தொலைந்துபோகும் ஃபைல்களில் நிறைய இப்படித்தான் தொலைகின்றன: பழைய ஃபைலைக் காணோம் என்று அவசரத்தில் புதிதாக அடித்து, அதே டெஸ்க்டாப்பில் வைத்து, மாலையில் அணைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏற்கெனவே ஏதாவது சேமித்திருந்தால் இப்போதே டி டிரைவுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றுங்கள்.

அடுத்து, யூசர்ஸைத் திறந்து 'ஆபீஸ்' ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூச்சு விடலாம். ஒரு நல்ல விஷயம்: தற்காலிக புரொஃபைலிலும் நீங்கள் அதே ஆள்தான், அதே உரிமைதான். அதனால் பழைய ஃபோல்டர் தடையின்றித் திறக்கும். டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் உள்ளே இருக்கும்.

செய்யக்கூடாதவை இரண்டு. செட்டிங்ஸில் போய் அந்தக் கணக்கை டெலீட் செய்யாதீர்கள். 'கணக்கையும் டேட்டாவையும் அழி' என்று அது கேட்பது வெறும் பேச்சல்ல, வீட்டையே இடித்துவிடும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை வேறொரு அட்மின் கணக்கிலிருந்து மாற்றவும் வேண்டாம். ஏன் என்பது பூட்டிய பெட்டி பற்றிச் சொல்லும்போது புரியும்.

ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதற்கு முன்பே ஃபைல்களை நகல் எடுத்துவிடுங்கள். 'சும்மா ரீஸ்டார்ட் பண்ணினாலே சரியாகிவிடுமே' என்று தோன்றும். ஆகலாம். ஆனால் டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்தால் அடுத்த முறை அது எழுந்திருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

நகல் எடுப்பது

வெளி ஹார்ட் டிஸ்க்கோ பெரிய பென்டிரைவோ வேண்டும். பென்டிரைவ் 'ஃபேட் 32' முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. இடம் நிறைய இருந்தாலும் இடமில்லை என்பது போலப் பேசும். கல்யாண வீடியோ, பெரிய அவுட்லுக் மெயில் ஃபைல் வைத்திருப்பவர்கள் 'எக்ஸ்ஃபேட்' அல்லது 'என்டிஎஃப்எஸ்' டிரைவாகப் பார்த்து எடுங்கள்.

'ஆபீஸ்' ஃபோல்டரை முழுதாக இழுத்துப் போடத்தான் கை போகும். அப்படிச் செய்தால் இரண்டு சிக்கல். ஆப்டேட்டாவுக்குள் பழைய விண்டோஸுக்காக வைத்திருக்கும் குறுக்கு வழி ஃபோல்டர்கள் உண்டு. சில காப்பி மென்பொருள்கள் அதற்குள் நுழைந்து சுற்றிச் சுற்றி வரும். மேலும் பிரவுசர்களின் தற்காலிகக் குப்பை லட்சக்கணக்கான சிறு ஃபைல்களாக இருக்கும். மணிக்கணக்கில் ஓடி நடுவில் நிற்கும். முதலில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ். பிறகு ஆப்டேட்டாவிலிருந்து கீழே சொல்லும் சில ஃபோல்டர்கள். நேரம் இருந்தால் மீதி.

ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) இயங்கும் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப் காலியாக இருக்கிறதே என்று பதறாதீர்கள். ஒன்டிரைவ் பேக்கப் இயக்கத்தில் இருந்தால் நிஜமான டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் யூசர்ஸ் → ஆபீஸ் → ஒன்டிரைவ் என்ற ஃபோல்டருக்குள் குடிபோயிருக்கும். அங்கே மேகச் சின்னம் போட்ட ஃபைல்கள் வெறும் பெயர்ப் பலகைகள்; சரக்கு இணையத்தில் இருக்கிறது. அவற்றை காப்பி செய்ய முடியாது, தேவையும் இல்லை. ஒன்டிரைவ் தளத்தில் லாகின் செய்து, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

டாலி வைத்திருப்பவர்களுக்கு: டாலி பிரைமின் டேட்டா வழக்கமாக யூசர்ஸ் → பப்ளிக் என்ற பொது ஃபோல்டருக்குள் இருக்கும், உங்கள் புரொஃபைலுக்குள் இருக்காது. வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் கம்பெனியைத் திறக்கும் திரையிலேயே பாதை தெரியும். அதையும் நகல் எடுங்கள், ஆனால் பயப்பட வேண்டியதில்லை.

உள்ளேயே நுழைய முடியாமல், 'யூசர் புரொஃபைல் சர்வீஸ் தோல்வி' என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினால்? இன்னொரு அட்மின் கணக்கு இருந்தால் அதில் போங்கள். பழைய ஃபோல்டரைத் தொட்டதும் 'அனுமதி இல்லை' என்று வரும். கன்டின்யூ அழுத்தினால் ஒவ்வொரு ஃபைலாக அனுமதி எழுதிவிட்டுத் திறக்கும். பெரிய ஃபோல்டர் என்றால் டீ குடித்துவிட்டு வரலாம்.

இன்னொரு கணக்கும் இல்லையென்றால் இப்படிச் செய்யலாம். லாகின் திரையில் ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் பிராம்ப்ட். கறுப்பு ஜன்னலில் ஆங்கிலத்தில் நோட்பேட் என்று அடித்து என்டர். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் → ஓப்பன்; கீழே 'டெக்ஸ்ட் ஃபைல்' என்றிருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' ஆக்குங்கள். இப்போது அந்தச் சின்னப் பெட்டியே ஒரு ஃபைல் எக்ஸ்புளோரர். டெஸ்க்டாப் ஃபோல்டரின் மேல் வலது கிளிக், காப்பி; பென்டிரைவுக்குப் போய் பேஸ்ட். எவ்வளவு ஆயிற்று என்று காட்டாது, உறைந்ததுபோல நிற்கும். பென்டிரைவின் விளக்கு மினுங்கும்வரை கை வைக்க வேண்டாம். இங்கே டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம்; சி என்று நினைத்தது டி-யாக இருக்கும். உள்ளே யூசர்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்ட கம்ப்யூட்டர் என்றால் இந்த இடத்தில் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸை நிறுவியிருந்தால் அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். போனில் லாகின் செய்து பார்க்கலாம். புது லேப்டாப்புகளில் நீங்கள் கேட்காமலேயே இந்தப் பூட்டு விழுந்திருக்கக்கூடும்.

டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டாலோ, ஒரு சாதாரண வேர்டு ஃபைல் திறக்கவே பல நிமிடம் எடுத்தாலோ, வேறு எந்தச் சோதனையும் ஓட்டாதீர்கள். 'செக் டிஸ்க்' ஓட்டச் சொல்லி பலரும் யோசனை தருவார்கள். அது ஃபைல் அமைப்பைச் சரிசெய்யும் கருவி. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைத்தால் இருக்கிற உயிரும் போகும். நகல் எடுத்த பிறகு ஓட்டுங்கள்.

பட்டாவைத் திருத்துவது

நகல் கையில் இருக்கிறது. இப்போது ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஒன்றிரண்டு முறை. ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் ஷட்டவுன் செய்து போடுவது அரைத் தூக்கத்திலிருந்து எழுவது போலத்தான். ரீஸ்டார்ட்தான் முழுக்கத் துடைத்துவிட்டுத் தொடங்கும். ஆன்டிவைரஸ் பிடித்து வைத்த சிக்கல் என்றால் இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? ரெஜிஸ்ட்ரி எடிட்டரை அட்மின் உரிமையோடு திறந்து இந்த வழியில் போங்கள்: ஹெச்கீ லோக்கல் மெஷின் → சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் என்டி → கரண்ட் வெர்ஷன் → புரொஃபைல் லிஸ்ட். முதல் காரியமாக அந்தப் பகுதியை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் எடுத்து வையுங்கள்.

உள்ளே சில வரிகள் இருக்கும். 'எஸ்-1-5-18' போன்ற குட்டையானவை விண்டோஸுடையவை, தொட வேண்டாம். 'எஸ்-1-5-21' என்று தொடங்கி நீண்ட எண்களோடு 1001, 1002 என்று முடிபவை மனிதர்களின் கணக்குகள். ஒவ்வொன்றையும் கிளிக் செய்தால் வலதுபக்கம் 'புரொஃபைல் இமேஜ் பாத்' என்ற வரி அந்தக் கணக்கின் வீட்டு விலாசத்தைக் காட்டும்.

குழப்பம் இருந்தால் இப்படித் தெரியும்: ஒரே எண் இரண்டு முறை. ஒன்றின் வாலில் புள்ளியோடு 'பேக்' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து ஒட்டியிருக்கும், மற்றொன்றில் இருக்காது. வாலுள்ளதன் விலாசம் யூசர்ஸ் → ஆபீஸ். வாலில்லாததன் விலாசம் யூசர்ஸ் → டெம்ப். வீட்டைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் நிஜப் பட்டாவை வால் ஒட்டி ஓரமாக வைத்துவிட்டு, சத்திரத்துக்குப் புதிதாக ஒன்று எழுதிக்கொண்டது. திருத்தம் இதைத் திருப்பிப் போடுவதுதான். வாலில்லாததன் பெயர் முடிவில் வேறு ஏதாவது எழுத்தைச் சேர்த்துப் பெயர் மாற்றுங்கள். வாலுள்ளதிலிருந்து புள்ளியோடு சேர்த்து வாலை அகற்றுங்கள். அதற்குள் 'ஸ்டேட்', 'ரெஃப் கவுண்ட்' என்ற இரண்டு மதிப்புகள் இருந்தால் இரண்டையும் 0 ஆக்குங்கள். ரீஸ்டார்ட்.

எண்ணை ஓரிலக்கம் மாற்றி அடித்தாலும் கணக்கும் வீடும் சேராது. ஆகவே அடிக்காதீர்கள், பெயர் மாற்றும் பெட்டியில் வாலை மட்டும் அழியுங்கள். இந்தத் திருத்தத்தை இன்னொரு அட்மின் கணக்கிலிருந்து செய்வது நல்லது, ஏனென்றால் சத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு சத்திரத்தின் பதிவை மாற்றினால் சில சமயம் விண்டோஸ் பழையபடி எழுதிவிடும்.

இது பலித்து பழைய டெஸ்க்டாப் வந்துவிட்டால் உடனே வேலையில் உட்காராதீர்கள். பிரவுசரைத் திறந்து பாஸ்வேர்டுகளை ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வெளியே எடுத்து வையுங்கள். நாளை மறுபடியும் இதே கதவு திறக்காமல் போகலாம். அந்த ஃபைலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பொதுக் கம்ப்யூட்டரில் விட்டுவிட வேண்டாம்.

பலிக்கவில்லை என்றால், விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் ஈவண்ட் வியூவரில், விண்டோஸ் லாக்ஸ் → அப்ளிகேஷன் பகுதியில், யூசர் புரொஃபைல் சர்வீஸ் எழுதியதைப் பாருங்கள். 1511 என்றால் வீட்டைக் காணோம், தற்காலிகமாக வைத்தேன் என்கிறது. 1515 என்றால் பழைய புரொஃபைலை ஓரமாக எடுத்து வைத்தேன் என்கிறது. 1508 என்றால் ரெஜிஸ்ட்ரியை ஏற்ற முடியவில்லை. என்டியூசர் டாட் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளி ஏதாவது இருந்தால் இப்போது முயலலாம். அது பழைய ரெஜிஸ்ட்ரியைத் திருப்பி வைக்கும், உங்கள் டாக்குமெண்டுகளைத் தொடாது. பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே கிடக்கிறது என்பதுதான் வருத்தம்.

புது வீடு

செட்டிங்ஸ் → அக்கவுண்ட்ஸ் → அதர் யூசர்ஸ் வழியாக ஒரு புதுக் கணக்கு தொடங்குங்கள், 'ஆபீஸ்2' என்று. ஒரு முறை உள்ளே போய் வந்தால்தான் ஃபோல்டர் உருவாகும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் வகையறாவை நகலிலிருந்து அதற்குள் போடுங்கள். என்டியூசர் என்று தொடங்கும் எந்த ஃபைலையும் கொண்டுவராதீர்கள். நோய் அதில்தான் இருக்கிறது. ஆப்டேட்டாவை மொத்தமாகக் கொட்டினாலும் அதே கதி. அதிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். பரணில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் பொறுக்க முடியும்.

ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸை இயக்கினால் ஆப்டேட்டா தெரியும். உள்ளே ரோமிங், லோக்கல், லோக்கல்லோ என்று மூன்று.

டிடிபி கடைக்காரர்களை முதலில் பதறவைப்பது எழுத்துரு. புதுக் கணக்கில் பழைய பத்திரத்தைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கிலச் சிறிய எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வரிசை கட்டும். ஃபைல் கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை வரைபவை. எழுத்துரு இல்லையென்றால் அடியிலுள்ள ஆங்கிலம் வெளியே தெரியும். 2018-க்குப் பிந்தைய விண்டோஸில் சாதாரணமாக 'இன்ஸ்டால்' கொடுத்தால் எழுத்துரு அந்தக் கணக்குக்கு மட்டும் விழும், லோக்கல் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → ஃபான்ட்ஸ் என்ற இடத்தில். அங்கிருந்து எல்லாவற்றையும் எடுத்து, தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் 'எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டால்' கொடுங்கள். இனி எந்தக் கணக்கு கெட்டாலும் எழுத்துரு நிற்கும். தமிழ்க் கீபோர்டையும் செட்டிங்ஸில் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும்.

மெயில்: அவுட்லுக்கில் 'பிஎஸ்டி' என்று முடியும் ஃபைல்தான் சொத்து. டாக்குமெண்ட்ஸ் → அவுட்லுக் ஃபைல்ஸ் பகுதியிலும், பழைய பதிப்பு என்றால் லோக்கல் → மைக்ரோசாஃப்ட் → அவுட்லுக் பகுதியிலும் தேடுங்கள். 'ஓஎஸ்டி' என்று முடிவது சர்வரில் இருப்பதன் நகல். கணக்கைச் சேர்த்தால் தானே இறங்கும். மெயிலின் அடியில் வரும் கம்பெனி கையெழுத்து ரோமிங் → மைக்ரோசாஃப்ட் → சிக்னேச்சர்ஸ் ஃபோல்டரில். தண்டர்பேர்டு என்றால் ரோமிங் → தண்டர்பேர்டு மொத்தமும்.

ஸ்டிக்கி நோட்ஸில் கட்சிக்காரர் போன் நம்பர் முதல் கடன் கணக்கு வரை எழுதி வைப்பவர்கள் உண்டு. லோக்கல் → பேக்கேஜஸ் போய், பெயரில் ஸ்டிக்கி நோட்ஸ் என்றிருக்கும் ஃபோல்டரில் லோக்கல் ஸ்டேட்டைத் திறந்தால் 'பிளம்' என்று தொடங்கும் ஃபைல்கள் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் கடைசியாக எழுதியவை விட்டுப்போகும். அந்தப் பெயரில் தொடங்கும் எல்லாவற்றையும் எடுங்கள். புதுக் கணக்கில் ஸ்டிக்கி நோட்ஸை ஒருமுறை திறந்து மூடிவிட்டு அதே இடத்தில் போடுங்கள்.

சேமிக்காமலே போன எக்செல், வேர்டு வேலையை லோக்கல் → மைக்ரோசாஃப்ட் → ஆபீஸ் → அன்சேவ்டு ஃபைல்ஸ் பகுதியில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம். கோரல்டிரா, ஃபோட்டோஷாப் அமைப்புகள் ரோமிங்கில் கோரல், அடோபி ஃபோல்டர்களில். வாட்ஸ்அப்புக்கு மெனக்கெட வேண்டாம், திரையில் வரும் கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தால் போதும்.

பூட்டிய பெட்டி

இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. குரோமின் ஃபோல்டரை அப்படியே கொண்டுவந்தால் புக்மார்க்கும் ஹிஸ்டரியும் வரும், பாஸ்வேர்டு வராது. காரணம்: விண்டோஸ் அவற்றைப் பூட்டும் சாவி உங்கள் கணக்கின் அடையாளத்திலிருந்தும் பாஸ்வேர்டிலிருந்தும் பிறக்கிறது. 'ஆபீஸ்2' வேறு ஆள்; அவரிடம் அந்தச் சாவி இல்லை. பெட்டியைத் தூக்கி வந்தாலும் திறக்காது. பாஸ்வேர்டை வெளியிலிருந்து மாற்ற வேண்டாம் என்று முன்பு சொன்னது இதனால்தான்: அப்படி மாற்றினால் பழைய கணக்கிலேயே சாவி பொருந்தாமல் போய்விடும். குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் போட்டிருந்தால் கவலையில்லை, லாகின் செய்ததும் வந்துவிடும். போடாதவர்கள் ஒவ்வொரு தளத்திலும் 'மறந்துவிட்டேன்' கொடுப்பதுதான் வழி. புக்மார்க்குக்கு முழு ஃபோல்டர் தேவையில்லை: லோக்கல் → கூகுள் → குரோம் → யூசர் டேட்டா → டீஃபால்ட் பகுதியில் புக்மார்க்ஸ் என்ற ஒரே ஃபைல் போதும்.

ஃபயர்ஃபாக்ஸ் தன் சாவியைத் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கிறது. ரோமிங் → மொசில்லா → ஃபயர்ஃபாக்ஸ் ஃபோல்டரை முழுசாகக் கொண்டுவந்தால் பாஸ்வேர்டுகளும் கூடவே வரும். யார் அந்த ஃபோல்டரைத் திருடினாலும் அவர்களுக்கும் வரும் என்பது இதன் மறுபக்கம். பிரைமரி பாஸ்வேர்டு போடாவிட்டால்.

ஜிஎஸ்டி, வருமான வரிக்கான டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கனில் இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. டோக்கனின் டிரைவர் மட்டும் இருக்க வேண்டும். விண்டோஸின் என்கிரிப்ட் வசதியால் பூட்டிய ஃபைல்கள், பூட்டுச் சின்னத்தோடு தெரிபவை, தனியாகச் சான்றிதழ் எடுத்து வைத்திருந்தால் ஒழிய புதுக் கணக்கில் திறக்காது.

பழைய செட்டிங்குகளைப் பிய்த்து எடுப்பது

ஏதோ ஒரு மென்பொருளின் அமைப்புகள் ரெஜிஸ்ட்ரியில் மட்டுமே இருக்கின்றன, மறுபடி அமைப்பது பெரிய வேலை என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். வால்பேப்பருக்காக வேண்டாம்.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ யூசர்ஸைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ். நகலெடுத்து வைத்த என்டியூசர் டாட் ஃபைலைக் காட்டி, பெயர் கேட்டால் ஆங்கிலத்தில் ஏதாவது ஒன்று, 'ஓல்டு' என்றே கொடுங்கள். ஏற மறுத்தால், அல்லது ஃபைலின் அளவு 0 என்று காட்டினால், அந்தக் குறிப்பேடு போய்விட்டது, விட்டுவிடுங்கள். ஏறிவிட்டால் ஓல்டு → சாஃப்ட்வேருக்குள் அந்த மென்பொருளின் பெயரைத் தேடி, அதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிடைத்த ஃபைலை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு தலைப்பும் 'ஹெச்கீ யூசர்ஸ், ஓல்டு' என்று தொடங்கும். அந்த இரண்டையும் சேர்த்து எல்லா இடத்திலும் 'ஹெச்கீ கரண்ட் யூசர்' என்று மாற்றிச் சேமித்து, புதுக் கணக்கில் இருந்துகொண்டு இருமுறை கிளிக் செய்யுங்கள். உள்ளே பழைய ஃபோல்டரின் பாதை எங்காவது எழுதியிருந்தால் ஆபீஸ் என்பதை ஆபீஸ்2 ஆக்கவும். முடிந்ததும் ஓல்டைத் தேர்ந்தெடுத்து அன்லோட் ஹைவ் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் அந்த ஃபைல் பூட்டப்பட்டே கிடக்கும்.

எல்லாம் குடியேறிய பிறகும் பழைய 'ஆபீஸ்' ஃபோல்டரை ஒரு மாதமாவது விட்டு வையுங்கள். அடுத்த ஜிஎஸ்டி தாக்கல் செய்யும்போதோ, ஒரு கட்சிக்காரர் போன வருடப் பத்திரத்தின் நகல் கேட்டு வரும்போதோதான் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வரும். அந்த மாதத்துக்குள் இரண்டு வேலை: அட்மின் உரிமையோடு இன்னொரு கணக்கு உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைப்பது; யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரு 60 வாட் குண்டு பல்பை அதில் மாட்டி, எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரம் பார்ப்பது. ஐந்து நிமிடத்துக்குள் அணைந்தால் பேட்டரியை மாற்றுங்கள்.